வலையமைப்பைக் கண்காணிக்கும் பெட்டி எதைப் பார்க்கிறது?

ஒரு நிறுவனத்தில் சைபர் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதற்குத்தான் பெட்டி வாங்கி மாட்டியாயிற்றே" என்ற பதில் வந்து விழுவது வழக்கம். அந்தப் பெட்டி தடுக்கும் கருவியா, பார்க்கும் கருவியா, எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, அது எழுப்பும் எச்சரிக்கைகள் யாருக்குப் போகின்றன என்று அடுத்தடுத்துக் கேட்டால் பதில்கள் மங்கத் தொடங்கும். இதில் விற்பனைத் தாள்களுக்கும் பங்குண்டு. ஃபயர்வால், ஊடுருவல் கண்டறிதல், போக்குவரத்துப் பகுப்பாய்வு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கிவிடுவதால், வாங்குபவருக்கு எல்லாம் ஒரே சரக்காகத் தெரிகின்றன.

இந்தக் கட்டுரை கண்காணிக்கும் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பெட்டியின் விலையையும் வேகத்தையும் விட, அதற்கு எந்தக் கம்பியின் நகல் வந்து சேர்கிறது என்பதும், அது சொல்வதை யார் படிக்கிறார் என்பதுமே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

தடுப்பது வேறு, பார்ப்பது வேறு

நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லாரியும் அங்கே நின்று, தாள்களைக் காட்டி, கம்பம் தூக்கப்பட்ட பிறகே நகர முடியும். சாவடியில் வேலை நின்றால் சாலையும் நிற்கும். அதே சாலையோரத்தில் ஒரு கேமராவும் இருக்கிறது. அது எந்த வண்டியையும் நிறுத்துவதில்லை. எந்த எண்ணுள்ள வண்டி, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனது என்று பதிந்துகொண்டே இருக்கிறது. கேமரா பழுதானால் லாரிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பதிவு மட்டும் இருக்காது.

வலையமைப்பில் லாரியின் இடத்தில் இருப்பது பாக்கெட். கணினிகள் தகவலை ஒரே ஓட்டமாக அனுப்புவதில்லை. வழக்கமாக 1,500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக நறுக்கி அனுப்புகின்றன. அனுப்பும் கணினியின் முகவரி, பெறும் கணினியின் முகவரி, எந்தச் சேவைக்கானது என்ற குறிப்பு ஆகியவற்றைத் தலைப்பில் தாங்கிய அத்தகைய துண்டுதான் பாக்கெட் எனப்படுகிறது.

சாவடியின் வேலையைச் செய்வது ஃபயர்வால். எந்தப் பாக்கெட் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதை முன்பே எழுதிவைத்த விதிகளின்படி அது முடிவு செய்கிறது. கேமராவின் வேலையைச் செய்வது ஐடிஎஸ், அதாவது ஊடுருவல் கண்டறியும் கருவி; போக்குவரத்தின் நகலைப் படித்து, சந்தேகத்துக்குரியது எதையாவது கண்டால் எச்சரிக்கை எழுப்புவதோடு அதன் பொறுப்பு முடிகிறது. இதே கருவியைப் பாதையின் நடுவில் வைத்து, சந்தேகப்பட்ட பாக்கெட்டை அங்கேயே கைவிடும் அதிகாரத்தையும் கொடுத்தால் அதற்கு ஐபிஎஸ் என்று பெயர். அதிகாரத்தோடு ஆபத்தும் கூடவே வருகிறது. ஐடிஎஸ் தவறாகச் சந்தேகப்பட்டால் ஒரு பொய் எச்சரிக்கை வருவதோடு சரி. ஐபிஎஸ் தவறாகச் சந்தேகப்பட்டால் ஒரு வாடிக்கையாளரின் பணப் பரிமாற்றம் பாதியில் அறுந்துபோகும்.

இதுவரை சொன்னதன் சாரம் இதுதான்: ஃபயர்வாலும் ஐபிஎஸ்ஸும் பாதையில் நிற்பவை, ஐடிஎஸ் பாதைக்கு வெளியே நின்று நகலைப் பார்ப்பது. இனி வரும் பகுதிகள் நகலைப் பார்க்கும் பெட்டியைப் பற்றியவை.

தனிப் பெட்டி எதற்கு?

ஒவ்வொரு கணினியிலும் ஒரு பாதுகாப்பு மென்பொருளைப் போட்டுவிட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானதே. அதற்கான விடை 1986ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அந்தச் சில்லறையைத் துரத்தியபோது, யாரோ வெளியிலிருந்து தொலைபேசி வழியாக உள்ளே நுழைந்து உயர்நிலை அதிகாரத்தோடு உலவுவது தெரிந்தது.

அந்த ஆளைக் கவனிக்க ஸ்டோல் கணினிக்குள் மென்பொருள் எதையும் நிறுவவில்லை. அப்படி நிறுவியிருந்தால், கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்கும் அதிகாரம் பெற்றுவிட்ட ஊடுருவியவருக்கு அது தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக, ஒரு வார இறுதியில் அலுவலகத்தில் கிடைத்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் திரட்டி, உள்ளே வரும் ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டினார். வந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் அச்சாகியது; தட்டியவருக்கு அது தெரிய வழியே இல்லை. விசாரணை கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது.

தனிப் பெட்டிக்கான அடிப்படை வாதம் இன்றும் அதுவே. ஒரு கணினி எதிராளியின் கைக்குப் போய்விட்டால், அது தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப முடியாது. பதிவுகள் அழிக்கப்பட்டிருக்கலாம், பாதுகாப்பு மென்பொருள் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கணினி வெளியே பேசித்தான் ஆக வேண்டும். பேச்சு கம்பி வழியாகத்தான் போக வேண்டும். கம்பியைக் கவனிக்கும் பெட்டி அந்தக் கணினியின் ஆளுகைக்கு உட்பட்டதல்ல. மென்பொருள் எதையும் நிறுவ முடியாத அச்சுப்பொறி, சிசிடிவி கேமரா, மருத்துவமனை ஸ்கேன் இயந்திரம், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றைக் கவனிக்கப் பல சமயங்களில் இது ஒன்றே வழி. ஸ்டோல் பணியாற்றிய அதே ஆய்வுக்கூடத்தில்தான் பிற்காலத்தில் டிசிபிடம்ப், ஜீக் என்ற இரு கண்காணிப்பு மென்பொருள்களும் பிறந்தன என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. வெர்ன் பாக்ஸன் 1995இல் தொடங்கிய ஜீக், 2018 வரை ப்ரோ என்ற பெயரில் வழங்கியது.

நகல் எங்கிருந்து வருகிறது?

அதிகம் கவனிக்கப்படாத பகுதி இது. ஏமாற்றங்கள் பெரும்பாலும் தொடங்குவதும் இங்கேதான். கண்காணிப்புப் பெட்டிக்கு நகல் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, போர்ட் மிரரிங். போர்ட் என்பது கருவியில் கம்பி செருகும் இடம். அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுக்கு, "இந்த இந்தப் போர்ட்டுகளில் போவதையெல்லாம் அந்தப் போர்ட்டிலும் ஒரு பிரதி அனுப்பு" என்று கட்டளையிடுவதுதான் அது. சிஸ்கோ நிறுவனம் அதை ஸ்பான் என்று அழைப்பதால் நடைமுறையில் பலரும் ஸ்பான் போர்ட் என்றே சொல்கிறார்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சில கட்டளைகளில் வேலை முடிந்துவிடும்.

அதில் உள்ள சிக்கலைக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். 10 கிகாபிட் இணைப்பு ஒன்று இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் நொடிக்கு 10 கிகாபிட் வீதம் அனுப்பவும் பெறவும் வல்லது. நிரம்பி ஓடினால் மொத்தம் 20 கிகாபிட். நகல் போகும் போர்ட்டோ வெளியே 10 கிகாபிட்டைத்தான் அனுப்பும். எஞ்சிய பாதி சத்தமில்லாமல் கீழே விழும். கண்காணிப்புப் பெட்டி தனக்கு வந்ததையெல்லாம் ஒழுங்காகப் படித்து, "எல்லாம் நலம்" என்று காட்டிக்கொண்டிருக்கும். அது மட்டுமல்ல, பழுதான பாக்கெட்டுகளை ஸ்விட்ச் தானே கழித்துவிடுவதால் அவை நகலில் வருவதில்லை. ஸ்விட்சுக்கு வேலைப் பளு கூடும்போது முதலில் கைவிடப்படுவதும் நகல்தான். தாக்குதல் நடக்கும் நேரத்தில்தான் பளு கூடும் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது வழி, டேப் எனப்படும் தனிக் கருவி. குழாயின் டேப் போலத் திறந்து மூடுவது அல்ல. இரண்டு கருவிகளுக்கு இடைப்பட்ட கம்பியில் நிரந்தரமாகச் செருகப்படும் சிறு பெட்டி. ஒளியிழையில் இது வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. உள்ளே இருப்பது ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி அமைப்பு மட்டுமே. ஒரு பங்கு வழக்கமான பாதையில் செல்கிறது, இன்னொரு பங்கு கண்காணிப்புப் பெட்டிக்குச் செல்கிறது. மின்சாரம் தேவையில்லை, மென்பொருள் இல்லை, முகவரி இல்லை. எனவே வெளியிலிருந்து அதைத் தாக்கவும் வழியில்லை. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி வெளியீடு இருப்பதால், மேலே சொன்ன 20 கிகாபிட் கணக்கும் இடிப்பதில்லை. கொடுக்க வேண்டிய விலை, ஒளியின் வலிமை குறைவது. சரிபாதியாகப் பிரித்தால் மறுமுனைக்குப் பாதி ஒளிதான் போகும். நீண்ட இணைப்பில் அது போதாமல் போகலாம் என்பதால், எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில் பிரிக்கும் டேப்களும் கிடைக்கின்றன.

செம்புக் கம்பியில் கதை வேறு. கிகாபிட் வேகத்தில் நான்கு இணைக் கம்பிகளிலும் இரு திசைச் சைகைகளும் ஒரே நேரத்தில் ஓடுவதால், மின்சாரம் இல்லாமல் அவற்றைப் பிரிக்க முடியாது. எனவே செம்பு டேப்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி மின்விசை இரு முனைகளையும் நேரடியாக இணைத்துவிடும். அந்த மாற்றத்தின்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து மீண்டும் சேரும். வாங்கும் முன் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

பெரிய நிறுவனங்களில் பத்து, இருபது டேப்களிலிருந்து நகல்கள் வரும். அவற்றைச் சேர்த்து, இரட்டிப்பானவற்றைக் கழித்து, எந்தக் கருவிக்கு எது தேவையோ அதை மட்டும் பிரித்தனுப்பும் இடைநிலைக் கருவிக்குப் பாக்கெட் புரோக்கர் என்று பெயர். சிறிய அலுவலகத்துக்கு அது தேவைப்படாது.

சுருங்கச் சொன்னால், மிரரிங் இலவசம், ஆனால் நெரிசலில் கைவிடும். டேப்புக்குச் செலவு உண்டு, ஆனால் கம்பியில் போனதையெல்லாம் கொடுக்கும். முக்கியமான ஓரிரு இணைப்புகளில் டேப், மற்ற இடங்களில் மிரரிங் என்று கலந்து வைப்பதே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

பெட்டிக்குள் நடப்பது

மூடியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது ஒரு நல்ல சர்வர்தான். சிறப்பு என்று சொல்லத்தக்கது அதன் நெட்வொர்க் கார்டு. ஏன் சிறப்புக் கார்டு தேவை என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் வரும், ஒன்றைக் கையாளக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோநொடி. சாதாரணக் கார்டும் இயங்குதளமும் இந்த வேகத்தில் திணறும். நகல் வந்து சேரும் போர்ட்டுக்கு முகவரி தரப்படுவதில்லை. அது கேட்கும், பேசாது. நிர்வாகத்துக்கென்று தனிப் போர்ட் இருக்கும்.

வந்த பாக்கெட்டுகளை இரண்டு விதமாகச் சோதிக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த தாக்குதல்களின் அடையாளங்களோடு ஒப்பிடுவது கையொப்ப முறை. 1998இல் மார்ட்டின் ரோஷ் வெளியிட்ட ஸ்னார்ட்டும், பின்னர் வந்த சுரிகாட்டாவும் அடிப்படையில் இப்படிச் செயல்படுபவை. வழக்கத்துக்கு மாறான நடத்தையைத் தேடுவது பிறழ்வு முறை. கணக்குப் பிரிவுக் கணினி ஒன்று நள்ளிரவில் முன்பின் தெரியாத முகவரிக்குப் பல கிகாபைட்டுகளை அனுப்பினால், எந்தக் கையொப்பமும் பொருந்தாவிட்டாலும் அது கவனத்துக்குரியது.

எதைச் சேமிப்பது என்பது அடுத்த கேள்வி. முழுப் பாக்கெட்டுகளையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1 கிகாபிட் இணைப்பு ஒரு திசையில் நிரம்பி ஓடினாலே மணிக்கு 450 கிகாபைட், நாளுக்கு 10.8 டெராபைட் சேரும். சில நாள்களுக்கு மேல் தாங்காது. மறு எல்லையில் இருப்பது ஓட்டப் பதிவு: யார், யாரோடு, எப்போது, எவ்வளவு என்பதை மட்டும் குறிப்பது. சிஸ்கோ 1996இல் கொண்டுவந்த நெட்ஃப்ளோவின் ஐந்தாம் பதிப்பில் ஒரு பதிவின் அளவு 48 பைட். ஏறத்தாழ ஏழு லட்சம் பாக்கெட்டுகளாகப் போகும் ஒரு கிகாபைட் கோப்பு அதில் ஓரிரு பதிவுகளாகச் சுருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, ஜீக் போன்றவை எழுதும் விரிவான குறிப்புகள் இருக்கின்றன: எந்த இணையப் பெயருக்கான முகவரி கேட்கப்பட்டது, தன் அடையாளத்தை நிரூபிக்க மறுமுனை என்ன சான்றிதழ் காட்டியது, எந்தக் கோப்பு இறங்கியது என்ற அளவில்.

இந்த இடைநிலைக் குறிப்புகளின் அருமை 2020 டிசம்பரில் பலருக்கும் புரிந்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற வலையமைப்பு மேலாண்மை மென்பொருளுக்கான புதுப்பிப்பில் தீம்பொருள் கலந்திருந்தது அப்போது அம்பலமானது. அந்தத் தீம்பொருள் இரண்டு வாரம் வரை அசையாமல் இருந்து, பிறகு ஏவிஎஸ்விஎம்கிளவுட் டாட் காம் என்ற பெயருக்குக் கீழே உள்ள முகவரிகளைத் தேடும். எனவே உலகெங்கும் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "நம்மிடமிருந்து யாராவது அந்தப் பெயரைக் கேட்டார்களா?" என்பதுதான். பெயர்த் தேடல் பதிவுகளை வைத்திருந்தவர்கள் விரைவில் விடை சொன்னார்கள். ஆனால் கெட்டுப்போன புதுப்பிப்பு 2020 மார்ச்சிலேயே வெளிவரத் தொடங்கிவிட்டது. ஒன்பது மாதப் பதிவு இருந்தால்தான் முழு விடை. இந்தியாவில் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட கட்டளை, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அது கட்டாயமான குறைந்தபட்சம். இத்தகைய நிகழ்வுக்கு அது எட்டாது.

தார்ப்பாய் போட்ட லாரிகள்

இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி டிஎல்எஸ் என்னும் மறைகுறியாக்க முறையால் பொதியப்பட்டது. உலாவியில் பூட்டுச் சின்னமாகப் பலகாலம் காட்டப்பட்டது அதுவே. முன்பு சொன்ன கேமராவுக்கு லாரியின் எண் தெரியும், தார்ப்பாய்க்குள் இருக்கும் சரக்கு தெரியாது. பெட்டி "எல்லாவற்றையும் படித்துவிடுகிறது" என்று நம்புவோரும், "மறைகுறியாக்கம் வந்த பிறகு பெட்டி பயனற்றது" என்று சொல்வோரும் ஒரே அளவுக்குத் தவறு செய்கிறார்கள்.

உள்ளடக்கம் மறைந்தாலும் சுற்றுவட்டாரம் தெரிகிறது. எந்த முகவரி, எவ்வளவு தரவு, எத்தனை மணிக்கு, பல சமயங்களில் எந்த இணையதளத்தின் பெயர் என்பவையெல்லாம் தெரியும். தீம்பொருள் தன் எஜமானரிடம் கட்டளை கேட்க, அறுபது நொடிக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரே அளவுள்ள செய்தியை அனுப்பினால், செய்தி புரியாவிட்டாலும் தாளம் புரியும்; மனிதர்கள் அவ்வளவு சீராக இணையத்தில் உலவுவதில்லை. இருந்தாலும் இந்த வெளிச்சமும் குறைந்துகொண்டே வருகிறது. 2018இல் வெளியான டிஎல்எஸ் 1.3 பதிப்பு, முன்பு வெளிப்படையாக வந்த சான்றிதழையும் மறைத்துவிட்டது.

சில நிறுவனங்கள் நடுவில் ஒரு கருவியை வைத்துப் பூட்டைத் திறந்து, படித்து, மீண்டும் பூட்டி அனுப்புகின்றன. அதற்கு ஊழியர்களின் ஒவ்வொரு கணினியிலும் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழை ஏற்ற வேண்டும். அவர்களுடைய வங்கிக் கணக்கும் மருத்துவ விவரங்களும் அந்தக் கருவியில் திறந்த நிலையில் கடந்து போகும். தேவையென்றால் செய்யலாம்; ஊழியர்களுக்குச் சொல்லாமல் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மணி அடித்த பிறகு

அமெரிக்காவின் டார்கெட் சில்லறை வணிக நிறுவனம் 2013இல் ஃபயர்ஐ நிறுவனத்தின் கண்டறியும் கருவிகளை நிறுவியிருந்தது. குளிர்சாதனப் பணி செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே வந்தவர்கள், உள்வலையமைப்பிலேயே நகர்ந்து கடைகளின் பில் போடும் இயந்திரங்கள் வரை போனார்கள். நவம்பர் கடைசியில், திருடிய அட்டை எண்களை வெளியே கடத்துவதற்கான மென்பொருளை அவர்கள் ஏற்றியபோது கருவி அதைக் கண்டுபிடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு எச்சரிக்கையைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது. அங்கே அது உடனடி நடவடிக்கைக்கு உரியதல்ல என்று ஒதுக்கப்பட்டது. தானாகவே நீக்கிவிடும் வசதியும் அணைத்து வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. டிசம்பர் 12 அன்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் அழைத்துச் சொல்லும் வரை திருட்டு தொடர்ந்தது; சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் போயின.

அந்தக் குழுவைக் குறை சொல்வது எளிது. எச்சரிக்கை வந்தபோது அதில் "மால்வேர் பைனரி" என்ற பொதுப் பெயர்தான் இருந்தது. அதே போன்றவை நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: நாளொன்றுக்குப் பத்து லட்சம் இணைப்புகள் நடக்கும் நிறுவனத்தில், ஆயிரத்தில் ஒன்றை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும் கருவி ஆயிரம் பொய் எச்சரிக்கைகளைத் தரும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால், எட்டு மணி நேரப் பணியில் ஒருவர் தேநீருக்குக்கூட எழாமல் 96 எச்சரிக்கைகளைப் பார்ப்பார். மீதியைப் பார்க்க இன்னும் பத்துப் பேர் வேண்டும். கருவியின் விலையைப் பேசும் கூட்டங்களில் இந்தப் பத்துப் பேரின் சம்பளம் பேசப்படுவதில்லை. செர்ட்-இன் கட்டளையின்படி, குறிப்பிட்ட வகை நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எச்சரிக்கையைத் திறந்து பார்க்கவே ஆளில்லாத இடத்தில் அந்தக் கடிகாரம் எப்போது தொடங்கும் என்பதே விவாதத்துக்குரியதாகிவிடும்.

டார்கெட் நிகழ்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, திருடர்கள் உள்ளுக்குள்ளேயே நகர்ந்தது. இணையவாசலில் மட்டும் பெட்டி வைத்தால், ஒரு துறையின் கணினியிலிருந்து இன்னொரு துறையின் சர்வருக்குப் போகும் போக்குவரத்து அதன் கண்ணில் படவே படாது. முக்கியமான சர்வர்களுக்கு முன்பாகவும் ஒரு நகல் எடுக்க வேண்டும்.

காவலரும் கதவுதான்

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் படிப்பது பெட்டியின் தொழில் என்பதால், படிக்கும் நிரலில் ஓர் ஓட்டை இருந்தால் பெட்டியே மாட்டிக்கொள்ளும். 2004 மார்ச்சில் பரவிய விட்டி என்ற புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீம்பொருள், ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள்களை மட்டுமே தாக்கியது. ஓட்டை பற்றிய அறிவிப்பு வெளியான மறுநாளே கிளம்பி, ஒற்றைப் பாக்கெட்டில் நுழைந்து, சுமார் 12,000 கணினிகளின் வட்டுகளை அரித்தது. கண்காணிப்புப் பெட்டிக்கும் புதுப்பிப்பு வேண்டும், தனி நிர்வாக வலையமைப்பும் வேண்டும்.

சிறிய அலுவலகம் எங்கிருந்து தொடங்கலாம்?

ஐம்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் பல லட்ச ரூபாய்ப் பெட்டி தேவையில்லை. மிரரிங் வசதியுள்ள ஸ்விட்ச் ஒன்று, இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் கொண்ட ஒரு கணினி, அதில் இலவசமாகக் கிடைக்கும் ஜீக் அல்லது சுரிகாட்டா போதும். இணையப் பெயர்த் தேடல் பதிவுகளைச் சேமிப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. இடம் குறைவாகவே பிடிக்கும், பயன் அதிகம். எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒன்றாக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்து எது முன்னால் நடந்தது என்று சொல்ல முடியாது.

முதல் வாரத்தில் எச்சரிக்கைகளைவிட, தவறவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சுரிகாட்டா அதைத் தன் புள்ளிவிவரக் கோப்பில் தொடர்ந்து எழுதுகிறது. காலை பத்து மணி நெரிசலில் அந்த எண் ஏறினால், ஒப்பிடும் கையொப்பங்களைக் குறைக்க வேண்டும் அல்லது கணினியை மாற்ற வேண்டும். ஸ்விட்ச் தரப்பில் விழுந்தவை அந்த எண்ணிக்கையில் சேராது. அவற்றை ஸ்விட்சின் போர்ட் புள்ளிவிவரத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு, சுரிகாட்டாவின் தொடக்கக் கையேட்டில் தரப்பட்டுள்ள சோதனை முகவரியை அலுவலகக் கணினி ஒன்றிலிருந்து திறக்கலாம். அதற்கென்றே ஒரு கையொப்பம் இருப்பதால் சில நொடிகளில் எச்சரிக்கை பதிவாக வேண்டும். பதிவாகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மென்பொருளை அல்ல, மிரரிங்கில் சரியான போர்ட் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை.